வந்தவரும் வரவிருப்பவரும்

குடியேறிகள் உழைப்பாலும் திறமையாலும் நாட்டை வலுப்படுத்துகிறார்களா, அல்லது வேலையையும் வீட்டையும் மருத்துவ வசதியையும் பங்கு கேட்டுச் சுமையாகிறார்களா? 1994-இல் அமெரிக்கர்களிடம் இப்படிக் கேட்டபோது, ‘வலுப்படுத்துகிறார்கள்’ என்று சொன்ன ஜனநாயகக் கட்சியினர் 32 சதவீதம். குடியரசுக் கட்சியினர் 30 சதவீதம். இரு கட்சியினரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் யோசித்தார்கள். அதே கேள்வியை பியூ ஆய்வு மையம் 2017-இல் கேட்டபோது முதல் தரப்பு 84 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. இரண்டாம் தரப்பு 42 சதவீதத்தில் நின்றது. இரண்டு புள்ளியாக இருந்த இடைவெளி நாற்பத்திரண்டு ஆகிவிட்டது.

உரிய ஆவணமின்றி வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்பூர்வ நிலை கிடைக்க வழிசெய்த 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் ரொனால்டு ரீகன். மெக்சிகோ எல்லையில் நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு வேலி போடும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்து வாக்களித்த செனட் உறுப்பினர்களில் பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் உண்டு. இன்று ரீகன் செய்ததை அவர் கட்சியில் ஒருவர் முன்மொழிந்தால் துரோகி என்பார்கள்; ஒபாமா அன்று அளித்த வாக்கை அவர் கட்சியில் ஒருவர் இன்று அளித்தால் இனவாதி என்பார்கள். அயல்நாட்டவரைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்று அறிய, அவர் எந்தக் கட்சி என்று கேட்டாலே போதும் என்ற நிலை வந்துவிட்டது.

இந்தப் பிளவுக்கு நடுவே ஓர் அறக் கேள்வி நசுங்கிக் கிடக்கிறது. தன் நாட்டில் குடியேற்றம் குறைய வேண்டும் என்று ஒருவர் விரும்புவது தவறா? தவறுதான், அது மனிதநேயமற்றது என்கிறது ஒரு தரப்பு. நாட்டு மக்களின் விருப்பமே இறுதியானது, அதற்காக எதைச் செய்தாலும் நியாயம் என்கிறது மறு தரப்பு. இரண்டும் பிழை. இவற்றுக்குள் இரு வேறு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இனி எத்தனை பேர், எந்த விதிப்படி வரலாம் என்பது முதல் கேள்வி. ஏற்கெனவே வந்து வாழ்கிறவர்களை எப்படி நடத்துவது என்பது இரண்டாவது. முதலாவதை வாக்காளர்கள் தீர்மானிக்கலாம். இரண்டாவதை வாக்குப்பெட்டியிடம் ஒப்படைக்க முடியாது.

முதல் கேள்வியில் ‘குறைக்க வேண்டும்’ என்பவரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு கேட்க வேண்டும். 2004-இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் உள்ளிட்ட பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏழாண்டு இடைக்காலம் கேட்டு வாங்கிக்கொண்டன. பிரிட்டனோ முதல் நாளே தன் வேலைச் சந்தையைத் திறந்துவிட்டது. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரலாம் என்றது அரசு கேட்டுப் பெற்ற மதிப்பீடு. பிற பெரிய நாடுகளும் திறந்துவிடும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. வந்தவர்களோ அதைப்போலப் பல மடங்கு. லிங்கன்ஷயரின் காய்கறி வயல்களும் பொதி கட்டும் கூடங்களும் சூழ்ந்த பாஸ்டன் என்ற சிற்றூர், சில ஆண்டுகளுக்குள் போலந்து, லித்துவேனியா, லாட்வியா நாட்டுத் தொழிலாளர்களால் நிறைந்தது. 2016 பொது வாக்கெடுப்பில் அவ்வூரில் 75.6 சதவீதத்தினர் ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள். வெளிநாட்டில் பிறந்தவர்கள் பல தலைமுறையாகக் கலந்து வாழும் லண்டனின் லாம்பெத் பகுதியில் 78.6 சதவீதத்தினர் ஒன்றியத்தில் நீடிக்க வாக்களித்தார்கள்.

இந்த இரண்டு ஊர்களையும் பார்த்து ‘பாஸ்டன்காரர்கள் குறுகிய மனத்தினர், லண்டன்காரர்கள் விரிந்த மனத்தினர்’ என்று தீர்ப்பெழுதுவது எளிது. உண்மையில் பாஸ்டனை உலுக்கியது மாற்றத்தின் வேகம். குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்த லாபம் பண்ணை முதலாளிக்கும் பேரங்காடிக்கும் போனது. வரி வருவாய் லண்டன் கருவூலத்துக்குப் போனது. வீட்டு வாடகையும் பள்ளி இடமும் மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நாட்களும் அந்த ஊரின் தலையில் விழுந்தன. அதை யாரிடமும் கலந்து பேசவில்லை. அவர்கள் முறையிட்டபோது கிடைத்த பதில், அவர்களுடைய குணத்தைப் பற்றிய விமர்சனம்.

ஸ்வீடனிலும் இதே கதைதான். எத்தனை பேர் வரலாம் என்று பேசுவதே பண்பாடற்றது என்ற மனநிலை அங்கே பெரிய கட்சிகளிடம் நீண்டகாலம் இருந்தது. பேச்சைத் தவிர்த்ததால் எண்ணிக்கை மறைந்துவிடவில்லை. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள்தொகை கொண்ட அந்நாட்டில் 2015-இல் மட்டும் 1,63,000 பேர் தஞ்சம் கேட்டார்கள். அந்த நவம்பரில் விதிகளை இறுக்கும் அறிவிப்பை வெளியிட்டபோது, பசுமைக் கட்சியைச் சேர்ந்த துணைப் பிரதமர் ஓசா ரூம்சன் செய்தியாளர்கள் முன் கண்கலங்கினார். மற்றவர்கள் தொடத் தயங்கிய பேச்சைத் தனதாக்கிக்கொண்ட ஸ்வீடன் ஜனநாயகர்கள் கட்சி 2010-இல் 5.7 சதவீத வாக்கு பெற்றிருந்தது, 2022-இல் 20.5 சதவீதம் பெற்றது. நியாயமான கவலையை நேர்மையான கட்சிகள் ஏந்த மறுத்தால், அதை ஏந்த வேறு கைகள் வந்துவிடுகின்றன.

அறிஞர்களும் முதல் கேள்வியில் ஒத்துப்போவதில்லை. செல்வ நாட்டில் பிறப்பது நிலப்பிரபுத்துவக் காலத்தில் உயர்குடியில் பிறந்ததைப் போன்ற தற்செயலான சலுகை, அதைக் காக்க எல்லையில் துப்பாக்கியோடு நிற்பதற்கு நியாயமில்லை என்று 1987-இல் வாதிட்டார் டொராண்டோவைச் சேர்ந்த தத்துவ அறிஞர் ஜோசப் கேரன்ஸ். தன் உறுப்பினர் யார் என்று முடிவுசெய்யும் உரிமை இல்லாத சமூகம் தன் பண்பையே காத்துக்கொள்ள முடியாது என்று அதற்கு முன்பே, 1983-இல், எழுதியிருந்தார் அமெரிக்க அரசியல் தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சர். ஆனால் இரண்டாம் கேள்விக்கு வந்ததும் இருவரும் அருகருகே வந்துவிடுகிறார்கள். உழைக்க ஆள் வேண்டும் என்று உள்ளே விட்டுவிட்டு அவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி காட்டாத நாடு அவர்கள்மீது கொடுங்கோல் செலுத்துகிறது என்பது வால்சரின் நிலை. ஒரு மண்ணில் வாழ்ந்து கழித்த ஆண்டுகளே ஒருவருக்கு அந்தச் சமூகத்தின் மீது உரிமை தருகின்றன என்பது கேரன்ஸின் நிலை. குடியேற்றத்தில் எதிரெதிர்த் திசையில் நிற்கும் இருவர் இந்த ஓரிடத்தில் கைகோப்பது கவனிக்கத் தக்கது.

இந்த இரண்டாம் கேள்வியில் அரசு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. 1948-இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் வந்த காலம் முதல் கரீபியத் தீவுகளிலிருந்து பலர் பிரிட்டிஷ் குடிகளாகவே அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு வந்த குழந்தைகள் பலரிடம் தனி ஆவணம் ஏதும் இல்லை, தேவைப்படவும் இல்லை. 2010-இல் ஆட்சிக்கு வந்த டேவிட் கேமரூன், நிகரக் குடியேற்றத்தை ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவதாக வாக்களித்தார். அதற்காக 2012 முதல் வீட்டு உரிமையாளர், முதலாளி, வங்கி, மருத்துவமனை என எல்லாரும் காகிதம் கேட்கும் சூழல் உருவாக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் வரி கட்டிய முதியவர்கள் வேலையிழந்தார்கள்; சிலருக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டது. அவர்கள் எப்போது வந்தார்கள் என்று காட்டக்கூடிய பழைய தரையிறங்கு சீட்டுகளை உள்துறை அமைச்சகமே 2010-இல் அழித்திருந்தது. இந்த அநீதி 2018-இல் அம்பலமானபின் உள்துறை அமைச்சர் பதவி விலகினார்; குறைந்தது 83 பேர் தவறாக நாடுகடத்தப்பட்டது பின்னர் தெரியவந்தது. குடியேற்றமாவது குறைந்ததா? ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. வரவிருப்பவர்களைக் குறைப்பதாகச் சொன்ன வாக்குறுதிக்கு, எப்போதோ வந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

தமிழர்களுக்கு இந்த அநீதி புதிதல்ல. இலங்கையில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலை வெட்டி மண் திருத்திய இந்திய வம்சாவளித் தமிழர்கள் 1947 தேர்தலில் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டு விடுதலை பெற்ற இலங்கையின் நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம், அவர்களில் சுமார் ஏழு லட்சம் பேரை எந்த நாட்டுக்கும் உரியவரில்லாமல் ஆக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. யாருடைய வாழ்வு பிரிக்கப்பட்டதோ அவர்களைக் கேட்கவில்லை. எல்லாம் நாடாளுமன்றத்தின் பெரும்பான்மையோடு, முறைப்படி நடந்தது. இரண்டாம் கேள்வியைப் பெரும்பான்மையிடம் விடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இரு கேள்விகளையும் சாதாரண மக்கள் பிரித்தறிவார்களா என்ற ஐயம் எழலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள பிலோயலா அதற்கு விடை சொல்கிறது. சுரங்கமும் கால்நடையும் சார்ந்த, பழமைவாதக் கட்சிக்கு வாக்களித்துப் பழகிய சிறு நகரம் அது. அங்கே வாழ்ந்துவந்த, தஞ்சம் கோரிய ஒரு தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் அதிகாரிகள் விடியற்காலையில் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்கள் மனுக்களும் கூட்டங்களுமாக நான்கு ஆண்டுகள் விடாமல் போராடினார்கள். 2022-இல் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. அந்த ஆண்டுத் தேர்தலிலும் பிலோயலா அடங்கிய தொகுதி பழமைவாத வேட்பாளரையே தேர்ந்தெடுத்தது. தஞ்சம் கோரி வரும் படகுகளைத் தடுக்கும் கொள்கை கொண்ட கட்சிக்கு வாக்களிப்பதும், பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்காகத் தெருவில் இறங்குவதும் ஒரே ஊரில் நடந்தன. ஆனாலும் அறிமுகத்தை நம்பி நீதியை விட முடியாது. ஆஸ்திரேலியா தஞ்சம் கோரியவர்களை அனுப்பிவைத்த நவ்ரு தீவு முகாமில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்குப் பரிந்து பேச ஓர் ஊர் இருக்கவில்லை. பழகியவர் வாய்திறந்தால்தான் கிடைக்கும் நீதி, பழக வாய்ப்பே தரப்படாதவரை எட்டாது. அதனால்தான் அதைச் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

இரு கேள்விகளுக்கும் நடுவே தெளிவற்ற இடங்கள் உண்டு. எல்லையில் வந்து நின்று தஞ்சம் கேட்பவர் வந்தவரா, வரவிருப்பவரா? 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அவரைத் திருப்பியனுப்பக் கூடாது. விசா முடிந்தும் தங்கியவரை உரிய விசாரணைக்குப்பின் விரைவில் அனுப்புவது அரசின் உரிமை. பதினைந்து ஆண்டுகள் கண்டும் காணாமலும் உழைப்பை வாங்கிக்கொண்டு, தேர்தல் நேரத்தில் பிடுங்கியெறிவது உரிமையாகாது. 1986-இல் ரீகன் ஒப்புக்கொண்டது இந்த நியாயத்தைத்தான்.

மக்களிடம் உண்மையைச் சொல்வதும் அறக் கடமைகளில் ஒன்று. ஆல்பர்த்தோ அலெசினா, ஸ்டெஃபானி ஸ்டான்ச்சேவா உள்ளிட்ட பொருளியலாளர்கள் அமெரிக்காவிலும் ஐந்து ஐரோப்பிய நாடுகளிலும் ஆய்வு செய்தபோது, எல்லா நாட்டவரும் குடியேறிகளின் பங்கை உள்ளதைவிட மிக அதிகமாக நினைத்திருந்தார்கள். இடதுசாரியும் வலதுசாரியும் இதில் ஒன்றே. 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவன் படகில் வந்த தஞ்சக் கோரிக்கையாளன் என்ற பொய் சில மணி நேரத்தில் பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். அதற்குள் பல ஊர்களில் கலவரம் மூண்டது. ரோதர்ஹாமில் தஞ்சம் கோருவோர் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்றார்கள். குறைவான குடியேற்றத்தை விரும்புவது கருத்து. இல்லாத குற்றத்தை ஒரு கூட்டத்தின் மீது ஏற்றுவது வன்முறைக்கான முன்னேற்பாடு.

பிளவைக் குறைக்க டென்மார்க் கண்ட வழியைப் பலர் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். அங்கே சமூக ஜனநாயகக் கட்சியே கடுமையான குடியேற்றக் கொள்கையை ஏற்றது, 2015-இல் 21.1 சதவீதம் பெற்ற டேனிஷ் மக்கள் கட்சி 2022-இல் 2.6 சதவீதமாகச் சுருங்கியது. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் இதில் குற்றம் காண்பது கடினம். நிற்கவில்லை. 2018-இல் வந்த சட்டத் தொகுப்பு, ‘மேற்கத்தியரல்லாத’ பின்னணியினர் பாதிக்கு மேல் வாழும் சில குடியிருப்புகளைத் தனியே வகைப்படுத்தி, வீடுகளை இடிக்கவும் விற்கவும் வழி செய்தது. அந்தக் கணக்கில் டென்மார்க்கிலேயே பிறந்த பிள்ளைகளும் சேர்வார்கள். அங்கு பிறந்த குழந்தையை அதன் பெற்றோர் புறப்பட்ட நாட்டைக்கொண்டு எண்ணுவதால் அரசியல் அமைதி கிடைத்தால், அந்த அமைதிக்கான செலவு தவறான கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

வாக்காளர் மனம் நிலையாகவும் இருப்பதில்லை. குடியேற்றம் குறைய வேண்டும் என்று 2024-இல் 55 சதவீத அமெரிக்கர்கள் சொன்னதாக கேலப் நிறுவனம் பதிவு செய்தது. நாடுகடத்தல் தீவிரமான 2025-இல் அது 30 சதவீதத்துக்கு இறங்கியது. எண்ணிக்கையைப் பற்றிய முடிவு இப்படி ஏறி இறங்கலாம். ஜனநாயகத்தில் அது இயல்பு. ஒருவரின் வீடும் வேலையும் பிள்ளையின் பள்ளியும் அந்த ஊசலோடு சேர்ந்து ஆடக்கூடாது.

இந்தச் சோதனை இப்போது கனடாவின் முன் நிற்கிறது. 1967-இல், தகுதிகளுக்கு மதிப்பெண் தந்து குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் புள்ளி முறையைக் கொண்டுவந்து, பல பத்தாண்டுகள் கட்சி வேறுபாடின்றி குடியேற்றத்தை ஆதரித்த நாடு அது. குடியேற்றம் மிக அதிகம் என்று 2022-இல் 27 சதவீதத்தினர் சொன்னார்கள். 2024-இல் 58 சதவீதம். வீட்டு விலையும் அரசின் நிர்வாகக் குறைவும் அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள். 2025-க்கான நிரந்தரக் குடியேற்ற இலக்கு 5 லட்சத்திலிருந்து 3,95,000 ஆகக் குறைக்கப்பட்டது. அது கனடியர்களின் உரிமை. அதை வெறுப்பு என்று அழைப்பது அநியாயம். ஆனால் படிப்பு முடித்து வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்க வழியுண்டு என்ற எதிர்பார்ப்போடு, ஊரில் கடன் வாங்கி உயர்ந்த கட்டணம் கட்டி வந்த மாணவர்கள் ஏராளம். அவர்கள் கட்டணத்தில் கல்லூரிகள் வளர்ந்தன, அவர்கள் உழைப்பில் கிடங்குகளும் முதியோர் இல்லங்களும் இயங்கின. இறுக்கப்பட்ட விதிகள் இனி விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும் பொருந்த வேண்டும். முந்தைய விதிகளை நம்பி வந்து அவற்றின்படி நடந்தவர்களின் விண்ணப்பங்களை அந்த விதிகளின்படியே பரிசீலிக்க வேண்டிய கடன் ஒட்டாவாவுக்கு இருக்கிறது. அதை நிறைவேற்றிக்கொண்டே வருகையைக் குறைக்க முடியும் என்று கனடா காட்டினால், மற்ற நாடுகளின் இரு கட்சிகளுக்கும் பேசத் தொடங்க ஓர் இடம் கிடைக்கும்.