பெயரை மட்டும் கொடுத்தால்

சிங்கப்பூரில் ஒரு கம்பெனியைப் பதிவுசெய்ய 315 வெள்ளி போதும். பெயருக்கு 15, பதிவுக்கு 300. மூலதனம் ஒரே ஒரு வெள்ளி என்றாலும் சட்டம் முகம் சுளிக்காது. ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம்: இயக்குநர்களில் ஒருவராவது இந்தத் தீவில் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் கம்பெனியும் ஓர் ஆள்தான். அது சொத்து வாங்கும், வழக்குப் போடும். ஆனால் அதைச் சிறையில் அடைக்க முடியாது. தப்பு நடந்தால் போய்க் கதவைத் தட்ட, உடம்புள்ள ஒருவர் உள்ளூரில் வேண்டும்.

அப்படிப் பெயரை வாடகைக்கு விடுகிறவர்களைக் கம்பெனிச் செயலாளராக இருந்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். காப்பிக்கடை மேசையில் காகிதத்தை விரித்தால், அம்புக்குறி ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடுவார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. போன வருஷம் தங்கை மகனும் அதற்குக் கிளம்பினான்.

“பேரை மட்டுந்தானே கொடுக்கிறேன் பெரியம்மா. காசை நான் தொடப்போறதே இல்ல. பாவம் எப்படி ஒட்டும்?”

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அவன் கட்சி லேசான கட்சி அல்ல. எண்ணத்தையே வினை என்றார் புத்தர். கெட்ட எண்ணம் இல்லாதவனுக்கு எங்கிருந்து வினை வரும்? முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று பழம் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாடகை இயக்குநர்கள் எல்லோரும் தங்களை இரண்டாவது பறவை என்றே நினைக்கிறார்கள். அந்தப் பறவை பார்க்கவாவது செய்கிறது, இவர்கள் அதையும் செய்வதில்லையே!

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுப்பது சமணம்தான். தானே செய்வது, பிறரைச் செய்யவைப்பது, செய்கிறவனுக்கு உடன்படுவது மூன்றையும் அது வினைக் கணக்கில் சேர்க்கிறது. மூன்றாவதில்தான் நம் ஆள் மாட்டுவான். என்ன நடக்கிறதென்று தெரியாமல் எப்படி உடன்பட்டேன் என்பான். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவன்தானே முடிவுசெய்தான்? மாதாமாதம் பணம் வருவதே அந்த முடிவுக்குத்தான். அதுவும் ஓர் எண்ணம் இல்லையா? புத்தரிடமே போனாலும் அவன் தப்பிப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

கம்பெனிகள் சட்டத்தின் 157-ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது. இயக்குநர் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, நியாயமான அக்கறையும் காட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர்களின் கம்பெனிகளுக்கு உள்ளூர் இயக்குநராக இருந்த ஒரு கணக்காளரின் வழக்கு 2017-இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தக் கம்பெனிகளின் வங்கிக் கணக்குகளில் திருட்டுப் பணம் வந்து விழுந்திருந்தது. திருடியவர் அவரல்ல, எதையும் மேற்பார்வை பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதற்கே சிறை.

விலகிவிடலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. உள்ளூர்வாசியான இயக்குநர் அவர் ஒருவர்தான் என்றால், இன்னொருவர் வந்து சேரும்வரை ராஜினாமா செல்லாது. பொறுப்பை ஒப்படைக்காமல் துறவு கிடையாது. இந்த ஒரு விதியை எழுதியவர் நம் சாத்திரம் படித்தவரோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

2025 ஜூன் முதல், இந்தத் தொழிலுக்கு ஆள் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள், அவர் தகுந்தவர்தானா என்று முதலில் சோதித்தாக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய குற்றம், திவால் எல்லாம் காகிதத்தில் தெரியும். நாளைக்கு அவர் கணக்கைத் திறந்து பார்ப்பாரா என்பது எந்தக் காகிதத்தில் தெரியும்?

பையனை நான் தடுக்கவில்லை, முப்பது வயதைத் தாண்டியவன். மூன்று விஷயம் மட்டும் கேட்கச் சொன்னேன்: வங்கிக் கணக்கு மாதாமாதம் பார்வைக்கு வர வேண்டும், வாடிக்கையாளர் யார் யாரென்று தெரிய வேண்டும், உண்மையான முதலாளியோடு நேரில் பேச வேண்டும். அப்படியே தட்டச்சுசெய்து தரகருக்கு அனுப்பினான். “பார்க்கலாம்” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அழைப்பே இல்லை. கேள்வி கேட்காத வேறு யாராவது கிடைத்திருப்பார்.