கருவியும் காப்பும்

புதிதாக வாங்கிய பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு முன்னால் அதை எப்படிக் காப்பாற்றுவது என்ற கவலையே பெரும்பாலான வீடுகளில் முந்திக்கொள்கிறது. கையடக்கமான டேப்லெட் கணினி வீட்டுக்கு வரும்போது இந்த முன்பின் தெளிவாகவே புலப்படுகிறது. கடலூர் லாரன்ஸ் சாலையிலோ சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலோ உள்ள செல்போன் கடையில் பெட்டி பிரிக்கப்பட்ட சற்று நேரத்தில் திரைமேல் டெம்பர்டு கிளாஸ் என்னும் உறுதியேற்றிய கண்ணாடித் தகடு ஒட்டப்படுகிறது. மடக்கு உறை மாட்டப்படுகிறது. மெமரி கார்டும் பவர் பேங்கும் உடன் வாங்கப்படுகின்றன. இவ்வளவு சிரத்தையோடு வீடு வந்த கருவி, சில நாள் ஆர்வம் தணிந்தபின், பிள்ளைகள் கையில் பட்டுக் கெட்டுவிடும் என்ற அச்சத்தால் பீரோவுக்குள் போய்விடுவதும் உண்டு. அந்த நிலையில் அதன் வசதிகளில் பெரும்பகுதி யாருக்கும் தெரியாமலே இருந்துவிடுகிறது. ஒரு பொருளைக் காப்பதும் அதைப் பயன்கொள்வதும் ஒரே செயலின் இரு பக்கங்களா, அல்லது ஒன்றையொன்று கெடுப்பவையா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

இந்தக் கேள்வி சிதம்பரத்துக்குப் புதியதன்று. கையில் ஏந்திப் படிக்கவும் எழுதவும் கூடிய, எங்கும் எடுத்துச் செல்லத்தக்க கருவியாகப் பல நூற்றாண்டுகள் அங்கே புழங்கியது ஓலைச்சுவடி. அதற்கும் துணைப்பொருள்கள் இருந்தன. பனையோலையைப் பதப்படுத்தி ஒரே அளவாக நறுக்கி இரு துளைகள் இட்டபின், ஒரு துளையில் நாராசம் எனப்படும் உலோகக் கம்பியைச் செருகி ஏடுகள் நகராமல் நிறுத்தினர். மற்றதில் கயிற்றைக் கோத்துச் சுவடியைச் சுற்றிக் கட்டினர். அந்தக் கயிற்றின் நுனியில், முடிச்சு உருவிப் போகாதபடி, கிளிமூக்கு என்ற பெயரில் கத்தரித்த ஓலைத்துண்டு ஒன்று கோக்கப்பட்டது. மேலும் கீழும் மரச்சட்டங்கள் காப்பாக அமைந்தன. எழுதுவதற்கு எழுத்தாணியும் ஓலையை வாருவதற்குக் கத்தியும் சேர்ந்த மடக்கெழுத்தாணி வசதியுள்ளோரிடம் இருந்தது. கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்காக விளக்குக் கரியும் இலைச்சாறும் கலந்து தடவி, மிகுந்த மையைத் துடைத்தெடுத்தனர். இத்தனை துணைகளையும் அறிந்தவரே சுவடியைப் பயன்படுத்தத் தெரிந்தவராகக் கருதப்பட்டார். பாடத்தை மட்டும் கற்று, ஏட்டை வாரவும் கோக்கவும் மையாடவும் கல்லாதவரின் கல்வி குறைபட்டதாகவே இருந்தது.

துணைப்பொருள் எதுவாயினும் அது தன் கருவியின் ஓர் எல்லையைக் காட்டிக்கொடுப்பதும் கவனிக்கத் தக்கது. ஓலையில் புள்ளியை அழுத்தி வைத்தால் ஏடு பொத்துவிடும் என்ற அச்சத்தால் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. காலுக்கும் ரகரத்துக்கும், எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படாமையால், படிப்பவர் இடம்நோக்கித் தாமே பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கருவியால் இயலாததைப் படிப்பவரின் பயிற்சி ஈடுசெய்தது.

இக்காலக் கருவியின் எல்லைகள் வேறு. 2011 அக்டோபர் 5 அன்று மத்திய அரசு மாணவர்களுக்காக வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட்டின் ஏழு அங்குலத் திரை ரெசிஸ்டிவ் வகையைச் சேர்ந்தது. மெல்லிய இடைவெளியோடு அமைந்த இரு மின்கடத்திப் படலங்கள் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கணக்கிட்டு விரல் எங்கே பட்டது என்று அறியும் அமைப்பு அது. ஆதலால் அழுத்தினால்தான் வேலை செய்தது, நகத்தாலோ பேனா மூடியாலோ தொட்டாலும் ஏற்றுக்கொண்டது. இன்று பரவலாகியுள்ள கெபாசிட்டிவ் திரையோ மனித உடலின் மின்கடத்தும் தன்மையால் கண்ணாடியின் மின்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை உணர்வது; விரல் மெல்லப் பட்டாலே போதும், ஆனால் நகம் பட்டால் அசையாது, மழைத்துளி விழுந்தால் குழம்பிப்போகும். ஸ்டைலஸ் எனப்படும் மின்எழுதுகோல் எந்தத் திரைக்கு எது பொருந்தும் என்று அறியாமல் வாங்கப்படும்போது, அது வீணாவதற்குக் காரணம் கருவியின் குறை என்பதைவிட அதன் எல்லையை அறியாத அவசரமே ஆகும்.

கடலூர் மாவட்டத்தில் இந்த எல்லைகளுள் முதன்மையானது மின்சாரம். அதே 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கருவிகள் வரத் தொடங்கிய அவ்வாண்டின் டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 1956-இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தைத் தன்னகத்தே கொண்டு வெளி மாநிலங்களுக்கும் மின்சாரம் அனுப்பும் மாவட்டம் அது என்பதை எண்ணினால், கையில் உள்ள கருவி எவ்வளவு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி என்பது விளங்கும். ஆகவே இப்பகுதியில் பவர் பேங்கை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அதன்மேல் அச்சிட்டுள்ள எண்ணை அப்படியே நம்புவதும் கூடாது. 10,000 மில்லிஆம்பியர்மணி என்பது உள்ளிருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட் அழுத்தத்தில் கணக்கிட்ட அளவு. ஆற்றலாகச் சொன்னால் 37 வாட்மணி. 5 வோல்ட்டாக மாற்றி வெளியே அனுப்புவதிலும், டேப்லெட் அதை ஏற்றுச் சேமிப்பதிலும் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. ஏறத்தாழ 19 வாட்மணி கொள்ளும் சிறிய டேப்லெட்டை அதைக்கொண்டு ஒன்றரை முறை நிரப்பலாம். அதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. புயல் எச்சரிக்கை வந்த இரவில் இந்தக் கணக்கு தெரிந்த குடும்பம், திரையின் ஒளியைக் குறைத்து, பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்தி, செய்தி கேட்பதற்கு மட்டும் கருவியை எழுப்பும். மின்சேமிப்பு முறை என்ற வசதி பட்டியலில் எப்போதும் இருந்ததுதான். அது கண்டுபிடிக்கப்படுவது இத்தகைய தேவையின்போதே.

காப்பு என்ற சொல்லின்கீழ் மக்கள் செய்வன அனைத்தும் உண்மையில் காப்பதில்லை என்பதற்குச் சிதம்பரம் கோயிலிலேயே ஒரு பழைய சான்று உண்டு. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணத்தின்படி, தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டி முத்திரையிடப்பட்டிருந்தன. பாடிய மூவரும் வந்தாலன்றித் திறக்க இயலாது என்று தில்லைவாழ் அந்தணர் கூறவே, அபயகுலசேகரன் என்று அந்நூல் குறிக்கும் மன்னன், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறந்தான். அம்மன்னனை முதலாம் இராசராசன் என்று மரபு கொள்கிறது. திறந்தபோது சுவடிகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தவற்றுள் எஞ்சியவை சிலவே. மூவர் பாடியவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிகங்கள் என்று மரபு எண்ணுகிறது; இன்று கிடைப்பவை எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. இக்காலத்துக்கு வேண்டியவை மட்டும் எஞ்சின என்று அசரீரி ஒலித்ததாகவும் புராணம் கூறுகிறது. எண்கள் மரபுவழிப்பட்டவை என்று விட்டாலும் கதையின் அமைப்பு நுட்பமானது: பூட்டு உறுதியாக இருந்தது, உரிமை பேணப்பட்டது, பொருள் மட்டும் அழிந்தது, அழிவுக்குப் பின் அதுவே போதுமென்ற ஆறுதலும் வந்து சேர்ந்தது. எஞ்சியதே வேண்டியது என்று கொள்வது பக்திக்குப் பொருந்தலாம். பொருளைக் காக்கும் கடமை உள்ளவருக்கு அது சமாதானமாகாது.

பீரோவுக்குள் வைக்கப்படும் டேப்லெட்டுக்கும் கறையான் உண்டு. அது உள்ளேயே இருக்கிறது. லித்தியம் அயனி மின்கலம் பயன்படாதிருக்கும்போதும் மெல்ல மெல்லத் தன் மின்னூட்டத்தை இழக்கிறது. முற்றிலும் வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் வேதிப்பொருள்கள் சிதைந்து, மறுபடி மின்னேற்றினாலும் உயிர் பெறாது போகலாம். முழுமையாக நிரப்பி வைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். நெடுநாள் எடுக்க வேண்டாத கருவியைப் பாதியளவு மின்னூட்டத்தோடு குளிர்ச்சியான இடத்தில் வைத்து, அவ்வப்போது பார்த்துக்கொள்வதே முறை. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றின் ஈரம் மின்னேற்றும் துளையின் உலோகத்தை அரிப்பதால், அந்தத் துளைக்கு ஒரு சிறிய மூடி, விலையுயர்ந்த உறையைக்காட்டிலும் பயன்படக்கூடும். ஆக, காப்பு என்பது மூடிவைத்து மறந்துபோவதாக இருக்க இயலாது. அது ஓயாத கவனிப்பாகவே இருக்க முடியும்.

கவனிப்பு நிகழும் இடத்தில்தான் வசதிகளும் வெளிப்படுகின்றன. எழுத்தைப் பெரிதாக்கும் அமைப்பும், திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் அமைப்பும் ஏறத்தாழ எல்லா டேப்லெட்டுகளிலும் உள்ளன. பார்வை மங்கிய தாத்தாவோ ஆச்சியோ அதைக் கையில் எடுக்கும்வரை வீட்டிலுள்ள இளையவர் எவரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. தமிழ்த் தட்டச்சிலும் இதே நிலை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமும் அமைந்துள்ளன. முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியின் வழியே அது ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு வந்தது. அதில் ககரத்தை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் அப்படியே. ஓலையில் எழுதியவர் இடாமல் விட்டு, படிப்பவர் மனத்தால் இட்டுக்கொண்ட புள்ளியை இங்கே விசைப்பலகையின் விதி இட்டுவிடுகிறது. ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துத் தமிழ் அடிப்பவர் பலருக்கு இவ்வசதி கையருகிலேயே இருந்தும் தெரிவதில்லை. நீண்ட கடிதமொன்றைத் தமிழில் எழுதியாக வேண்டிய நாள் வரும்போதுதான் அதைத் தேடுகின்றனர்.

தேவாரத்தின் பிற்கால வரலாறும் இதையே வேறொரு கோணத்தில் உறுதி செய்கிறது. எஞ்சிய பதிகங்கள் பிழைத்தமைக்குக் காரணம் அவை மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டதும் ஓதுவார்களால் பாடப்பட்டதுமே. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்த உ.வே. சாமிநாதையர், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க முடிந்ததும் ஒரே நூலின் பல படிகள் பல வீடுகளில் சிதறிக் கிடந்ததால்தான். 2007-இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் தேவாரம் முழுவதையும் ஒரு குறுந்தட்டாக வெளியிட்டன. இன்றைய டேப்லெட்டில் குறுந்தட்டு செருகும் இடமே இல்லை. கறையான் தின்னாத தட்டு, படிப்பதற்குக் கருவியின்றி ஒதுங்கிவிடும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கியபின் எழுத்துக் குறியீடு மாறியபோது அவற்றை யூனிகோடுக்கு மாற்றியமைத்ததால்தான் அந்நூல்கள் இன்றும் எந்தத் திரையிலும் திறக்கின்றன. டேப்லெட்டோடு விற்கப்படும் ஓடிஜி என்னும் சிறு இணைப்பி, அதாவது பென்டிரைவை நேரடியாகப் பொருத்த உதவும் துண்டு, துணைப்பொருள்களில் மிக மலிவானது. குடும்பத்தின் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைக்க உதவும் வகையில் அதன் பயன் உறையின் பயனைவிடப் பெரியது. உறை கருவியைக் காக்கிறது. படி, கருவி போனபின்னும் எஞ்ச வேண்டியதைக் காக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லா வசதிகளையும் அறிந்துவிட வேண்டும் என்ற வேட்கை, பீரோப் பூட்டுக்கு நிகரான வேறொரு விரயம்; விசைப்பலகை, தாங்கி, ஒலிபெருக்கி என்று துணைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறவர் எந்த வேலைக்காக அவற்றைச் சேர்க்கிறார் என்பதை மறந்துவிடுகிறார். செயலைத் தொடங்குமுன் எண்ண வேண்டியவையாக வள்ளுவர் செல்வம், கருவி, காலம், செயல், இடம் என்னும் ஐந்தை எடுத்துரைக்கிறார். கடையில் நிற்பவர் பெரும்பாலும் முதலிரண்டை மட்டுமே எண்ணுகிறார்: விலை என்ன, கருவி எது. மழைக்காலமா கோடையா, மின்சாரம் எவ்வளவு நேரம் நிற்கும், கடலோரமா உள்நாடா, படிப்பவர் சிறுவரா முதியவரா, செய்ய வேண்டிய வேலை எது என்ற மற்ற மூன்றும் எண்ணப்பட்டால் தேவையான துணைப்பொருள்களின் பட்டியல் தானே சுருங்கிவிடும்.

காப்பதும் பயன்கொள்வதும் பகையாவது, காப்பின் நோக்கம் கருவியின் புதுமையாக இருக்கும்போது மட்டுமே. ஓர் உறை கருவியைத் திண்ணைக்கும் வகுப்பறைக்கும் பேருந்துக்கும் துணிந்து எடுத்துச்செல்ல வைத்தால் அது நல்ல காப்பு. எடுக்கவே அஞ்ச வைத்தால் அதுவும் ஒரு பூட்டுதான். டேப்லெட்டின் ஆயுள் சில ஆண்டுகளே. கீறலின்றிக் காலாவதியான கருவியால் யாருக்கும் ஆதாயம் இல்லை. ஆகவே புதிய கருவி வந்த முதல் வாரத்தில் வீடு முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: அதில் யார் எந்த வேலையைச் செய்யப்போகிறார், செய்த வேலையின் படி எங்கே வைக்கப்படும். இவ்விரண்டும் முடிவானால் வசதிகள் வேலையின் போக்கில் தாமே தெரியவரும். தெரியாமலே நின்றுவிடுபவை அந்த வீட்டுக்கு வேண்டாதவை என்று தயங்காமல் விட்டுவிடலாம்.