நீட்டாத கை

கண்ணெதிரே ஓர் உயிர் சாகிறது. குனிந்து எடுத்தால் எடுத்துவிடலாம். எடுக்கக் கூடாது என்கிறார் ஒருவர். அவர் கல்நெஞ்சரா?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் மகா சமுத்திரத்தில் கிடக்கும் கலாபகஸ் தீவுகளில் ஒன்றான ஹெனோவேசாவில் நேருக்கு நேர் சந்தித்தேன். உல்லாசக் கப்பல் பிரயாணிகளை ஒரு வேளை கரையில் இறக்கி, வழிகாட்டியோடு நடக்கவிட்டு, திரும்ப ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு. 1959-ல் ஏற்பட்ட தேசியப் பூங்காவின் சட்டம் அங்கே செல்லும். வழிகாட்டி இல்லாமல் கால் வைக்க முடியாது. ஒருவருக்கு 16 பேருக்கு மேல் கூடாது. பிராணிகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு கிளிஞ்சலைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. கோவிலில்கூட நாம் இவ்வளவு அடக்கமாக நடப்பதில்லை.

பாறைப் படிகளில் ஏறினால் மேலே நாஸ்கா பூபி என்னும் கடற்பறவைகளின் குடியிருப்பு. வெள்ளை உடல், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. மனிதனைக் கண்டு பயமே இல்லை. பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். முதல் குஞ்சு பொரித்துச் சில நாள் கழித்தே இரண்டாவது வெளிவரும். மூத்தது சும்மா இருப்பதில்லை. தம்பியை நெட்டித் தள்ளிக் கூட்டுக்கு வெளியே போட்டுவிடும். தாய் பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் முட்டை வீணானால் உதவட்டும் என்று இட்டதுதானாம் இரண்டாவது. இரண்டு பிள்ளை பெற்ற எந்தத் தாயிடமும் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நாங்கள் போனபோது ஒரு குஞ்சு அப்படித்தான் கிடந்தது. கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. கூடு ஒரு சாண் தூரம். எங்கள் கூட்டத்தில், நெடுங்காலம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற கனடா நாட்டு அம்மாள் ஒருவர் இருந்தார். அவர் கை தானாகவே நீண்டது.

"வேண்டாம் அம்மா" என்றார் வழிகாட்டி.

"ஒரு சாண்தானே?"

"ஒரு சாண்தான். ஆனால் அது அவர்கள் வீட்டு விஷயம்."

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று எண்ணிக்கொண்டேன்.

இத்தனைக்கும் அந்தப் பூங்காவினர் எதிலும் தலையிடாதவர்கள் அல்ல. மனிதர் கொண்டுவந்து விட்ட ஆடுகள் இசபெலா, சந்தியாகோ தீவுகளில் பெருகி, புல் பூண்டைத் தின்று தீர்த்து ஆமைகளைப் பட்டினி போட்டன. 1997 முதல் 2006 வரை நடந்த திட்டத்தில், ஹெலிகாப்டரிலிருந்துகூடச் சுட்டு, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை ஒழித்தார்கள். எஸ்பன்யோலா தீவில் 14 ஆமைகளே மிஞ்சியபோது, அவற்றைக் கொண்டுவந்து வைத்து இனம் பெருக்கினார்கள். 2020-ல் அந்தக் கிழங்களையும் சொந்த ஊரிலேயே கொண்டு விட்டார்கள். மனிதன் கெடுத்ததை மனிதன் சரி செய்ய வேண்டும். அவன் கெடுக்காததைத் தொடக் கூடாது. இதுதான் அவர்கள் நியாயம். நான் அதில் குற்றம் காணவில்லை. ஆனால் குஞ்சுக்கு நியாயம் தெரியாது.

என்னை உறுத்தியது வேறு. "வேண்டாம்" என்ற குரல் கேட்டதும் எனக்கு வருத்தம் வரவில்லை, நிம்மதி வந்தது. என் கை நீளவே இல்லையே! அந்த நிம்மதி எனக்குப் பழைய சிநேகிதம். பல வருஷங்களுக்கு முன், எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்து இரவு வேளையில் ஒரு பெண்ணின் அழுகுரல் கேட்கும். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்பார் என் தகப்பனார். நானும் தலையசைப்பேன். அவள் பிறகு என்ன ஆனாள் என்றுகூட விசாரிக்கவில்லை. பறவைக்குச் சரியாக இருக்கும் அதே வார்த்தை! அந்த அம்மாள் ஆயுள் முழுவதும் கையை நீட்டியவர். மடக்கிக்கொள்வது அவருக்கு வலித்தது. நானும் அவருக்குப் பக்கத்தில், அவரைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திராது.

திரும்புவதும் அதே பாதைதான். எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். அந்த அம்மாள் மட்டும் நின்று பார்த்துவிட்டு வந்தார். படகில் ஏறியதும் வழிகாட்டியிடம், "நீங்கள் ஒரு தடவைகூட எடுத்து வைத்ததில்லையா?" என்று கேட்டார்.

"வேலைக்கு வந்த புதிதில் ஒரு முறை வைத்தேன். திரும்பி வருவதற்குள் மறுபடியும் வெளியே கிடந்தது" என்றார் அவர்.