ஆதியோகியும் ஆலமர் கடவுளும்

சைவாசிரியர்காள்!

கோயம்புத்தூரை அடுத்த வெள்ளியங்கிரி மலையடிவாரத்திலே, 2017ஆம் ஆண்டு மகாசிவராத்திரி நாளில், ஆதியோகி என்னும் பேருருவச் சிலையொன்று திறந்து வைக்கப்பட்டது. உருக்கினால் அமைந்த அஃது 112 அடி உயரமுடையது. சிரமும் முகமும் மார்பின் மேற்பகுதியுமே அதில் உள்ளன. யோகநெறிகள் 112 என்பதைக் குறித்தே அவ்வுயரம் வைக்கப்பட்டது என்பர். அதன் படத்தைக் கைத்தொலைபேசியிற் காணும் நம் மாணாக்கர், "இவர்தாம் நாம் வணங்கும் சிவபெருமானோ?" என வினவுவாராயின், நாம் யாது விடை கூறுவேம்?

அதனை அமைத்தோர், அது வழிபாட்டு மூர்த்தமன்று, யோகத்தில் ஊக்கமளிக்கும் அடையாளமே என்கின்றனர். ஆதலின் அதனை இகழ்தல் வேண்டா. ஆயினும், ஆதியோகி 15,000 ஆண்டுகட்கு முன் ஏழு முனிவர்க்கு யோகங் கற்பித்த முதல் யோகி என்றும் அவர்கள் கூறுவர். இவ்விடத்திலேதான் நாம் கருத்தூன்றல் வேண்டும். யோகம் பயின்று உயர்வது பசுவாகிய ஆன்மா. பதியோ அநாதியே மலமற்றவர். பயின்று பெறவேண்டுவது அவர்க்கு ஒன்றுமில்லை. பிறப்பிறப்பில்லாத அவரை ஆண்டுக் கணக்கினுள் அடக்குதல் யாங்ஙனம் கூடும்?

அற்றேல், அவர்க்குத் திருவுருவம் எதற்கெனின், நம்பொருட்டென்க. அருவம், அருவுருவம், உருவம் என்னும் மூன்றும் அருளாற் கொண்டனவேயன்றி, நம்முடம்புபோல வினையால் வந்தன அல்ல. அவற்றுள், பெருமான் குருவாய் எழுந்தருளிய திருமேனி தட்சிணாமூர்த்தம். ஆகமவிதிப்படி அமைந்த சிவாலயங்களிலே கருவறையின் தென்புறச் சுவரில் அதனைக் காணலாம். கல்லால மரத்தின்கீழ்ச் சனகர் முதலிய நால்வர்க்குப் பெருமான் வாய்திறவாது உபதேசிக்கின்றார். உபதேசம் எங்கே உளது? திருக்கரத்திலே. சின்முத்திரையிற் பெருவிரல் இறைவனையும், அதனைச் சேர்ந்த சுட்டுவிரல் ஆன்மாவையும், விலகி நிற்கும் மூன்று விரல்கள் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களையும் குறிக்கும். திருவடியின்கீழ்க் கிடக்கும் முயலகன், அடங்கிய ஆணவத்தைக் குறிப்பவன்.

புதிய சிலையிலே கரமுமில்லை, திருவடியுமில்லை. சைவர் அடையக் கருதும் பேறோ திருவடிப் பேறு. முகத்தின் அமைதியை வியப்போர் வியக்க. ஆயினும், மலம் நீங்குமாறும் சேருமிடமும் அம்முகத்தினின்று நம் பிள்ளைகள் அறியமாட்டார்.

1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நாவலர் பெருமான் நிறுவியது, சிறுவர் தம் சமயத்தைப் பொருளுணர்ந்து கைக்கொள்ளும் பொருட்டேயாம். ஆதலின் ஆசிரியர்காள்! வினவும் பிள்ளையைக் கடியாதீர். அடுத்த கோயிலுக்கு அழைத்துச் சென்று, தென்புறச் சுவரின்முன் நிறுத்துங்கள். அவன் விரல்களையே மடக்கிச் சின்முத்திரை பிடிக்கச் செய்து, பதி, பசு, பாசம் இவையென விளக்குங்கள். 112 அடி உயரத்தாற் பெறாத தெளிவை, அச்சிறுவன் தன் கையளவிலே பெறுவான்.

திருச்சிற்றம்பலம்.