யாருடைய ரகசியம்?

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பார்கள். ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கவலையைச் சுமந்துகொண்டுதான் ஏறுகிறார்கள். மனைவியிடம் சொல்லாத கடன், அம்மாவிடம் சொல்லாத வியாதி எல்லாம் முருகன் காதில் விழுகிறது. அவர் இதுவரை யாரையும் போட்டுக்கொடுத்ததில்லை.

மனுஷனிடம் சொன்னால்தான் சிக்கல்.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற இடத்துக்குத் தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர். ஆந்திராவின் நகரியில் இருக்கும் ஒரு பெண், தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாமே என்று எல்லை தாண்டி, திருத்தணிப் பக்கம் அப்படியொரு மையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், வயது, முகவரி, போன் நம்பர் எல்லாம் பதிவேட்டில் ஏறுகின்றன.

அது எப்படி வெளியே போகும்? திருடன் வந்து பீரோவை உடைப்பான் என்றா நினைக்கிறீர்கள்? "பாவங்க அந்தப் பொண்ணு, சின்ன வயசு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க..." இப்படித்தான் போகும். சொன்னவர் கெட்டவர் இல்லை. இரக்கப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த இரக்கத்துக்கு விலை கொடுக்கப்போவது அந்தப் பெண்.

பி.காம். படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாம் போடும் டெபாசிட், வங்கியின் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் வராது. கடன் பக்கம்தான் வரும். பணம் வங்கியிடம் இருக்கிறது, ஆனால் வங்கியுடையது இல்லை. ஃபைலும் அப்படித்தான். பீரோ நம்முடையது, உள்ளே இருக்கிற வாழ்க்கை நம்முடையதல்ல.

"மறைத்தால் இன்னொரு உயிர் போகுமே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரத்தப் பரிசோதனை முடிவு வெளியே தெரிந்து, கல்யாணம் நின்றுபோன ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்தரங்க உரிமை எல்லையற்றதல்ல, மணக்கவிருந்த பெண்ணுக்கும் உயிர் இருக்கிறது என்றது 1998-ல் வந்த தீர்ப்பு.

2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இன்னும் நுட்பமாக யோசித்தது. துணைவரிடம் டாக்டரோ ஆலோசகரோ மட்டும்தான் சொல்லலாம். துணைவருக்கு உண்மையிலேயே பெரிய ஆபத்து இருக்க வேண்டும். 'நீங்களே சொல்லுங்கள்' என்று முதலில் ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்று உறுதியான பிறகு, 'நான் சொல்லப்போகிறேன்' என்று அவருக்கே தெரிவிக்க வேண்டும். சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நியாயமான அச்சமிருந்தால், குறிப்பாகப் பெண் விஷயத்தில், சொல்லக்கூடாது. பதிவேடுகளைப் பாதுகாக்க ஏற்பாடு செய்வதும் அந்த நிறுவனத்தின் கடமை.

கவனித்தீர்களா? துணைவர் விஷயத்தில் சட்டம் ஒரு கதவைத் திறக்கிறது, அதுவும் ஆபத்தில் இருப்பவருக்காக. பக்கத்து சீட்டுக்காரருக்கோ, மாமியாருக்கோ, டீக்கடை பெஞ்சுக்கோ அந்தக் கதவு இல்லை.

'நாம என்ன ஆஸ்பத்திரியா நடத்துறோம்?' என்று நகர்ந்துவிடாதீர்கள். குடும்ப விவரம் வாங்கும் பள்ளிக்கூடம், ஆதார் நகல் கேட்கும் முதியோர் இல்லம், குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்று எல்லாரிடமும் யாரோ ஒருவருடைய ஃபைல் இருக்கிறது. பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்ட மெடிக்கல் ரிப்போர்ட், பஜ்ஜி மடிக்க வந்தாலும் வரும். பூட்டு வேண்டும், கிழித்துப் போடும் பழக்கம் வேண்டும். அதற்கும் முன்னால், வாயைத் திறக்குமுன் ஒரு கேள்வி வேண்டும்: கேட்கிறவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டுமா, இல்லை எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறதா?

பெரும்பாலும் இரண்டாவதுதான்.