யார் போட்ட சத்தம்?

2014-ல் வந்த 'ஏலியன்: ஐசொலேஷன்' வீடியோ கேமில் விண்வெளி நிலையம் முழுக்க ஒரு ஜந்து உங்களைத் தேடித் திரியும். பிளேஸ்டேஷன் 4 கேமராவின் மைக்கையோ, எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் கினெக்டையோ இதற்காக ஆன் செய்தால், உங்கள் அறைச் சத்தமும் அதன் காதில் விழும். லாக்கருக்குள் ஒளிந்திருக்கிறீர்கள். "சாப்பிட வா, ஆறிப்போகுது!" என்கிறார் அம்மா. ஜந்து வந்துவிடுகிறது. ஆள் காலி.

தப்பு யார் மேல்? அன்பா, அதட்டலா, தும்மலா... மைக்குக்கு எல்லாம் ஒன்றுதான். போகட்டும், அது மிஷின். நீங்கள்? 'உஷ்' என்று சீறுகிறீர்களே, விளையாட ஒப்புக்கொண்டது நீங்கள் ஒருத்தர்தானே? அம்மா எந்தப் பட்டனை அழுத்திச் சம்மதம் சொன்னார்? தன் சமையலறையில் அவர் எதற்குக் கரண்டியைப் பூப்போல வைக்க வேண்டும்? இத்தனைக்கும், அந்த மைக்கை அணைத்துவைக்க மெனுவிலேயே வழி இருக்கிறது.