ஏப்ரல் 8-க்குப் பிறகு

விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம் 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. 2014 ஏப்ரல் 8-ஓடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. மறுநாள் காலையும் உலகெங்கும் கணினிகள் விழித்தன. கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் சார்ல்ஸ் ஓ'ரியர் 1996-இல் படமெடுத்த பச்சைக் குன்றும் நீல வானமும் எக்ஸ்பியின் பின்னணிப் படமாக வழக்கம்போல் திரையில் விரிந்தன.

மருத்துவமனை ஸ்கேன் கருவியோ தொழிற்கூடத்து சிஎன்சி இயந்திரமோ பதினைந்து ஆண்டுகள்கூட உழைக்கும். அதை இயக்கும் கணினியில் எக்ஸ்பி. பெட்டிக்குள் ஒரு பழைய பிசிஐ கார்டு. பின்புறம் சீரியல் போர்ட்டில் திருகி இறுக்கிய கேபிள். அந்த கார்டுக்கு எக்ஸ்பியில் ஓடும் டிரைவர் மட்டும்தான் உண்டு. செய்த நிறுவனமோ அடுத்த மாடலுக்குப் போயிருக்கும். இயங்குதளத்தை மாற்றப் போனால் இயந்திரத்தையே மாற்ற வேண்டிவரும். விவரம் தெரிந்த ஆள் ஒருவர் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, பென்டிரைவ் செருகாதீர்கள் என்று தாளில் எழுதி ஒட்டுவார். இதைச் சோம்பல் என்று பழிப்பவர்கள் அந்த இயந்திரத்தின் விலையை விசாரித்திருக்க மாட்டார்கள். வங்கிகளே தாமதித்தன. 2019 ஜூனுக்குள் ஏடிஎம்களை ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றி முடிக்கும்படி இந்திய ரிசர்வ் வங்கி 2018-இல் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. அன்று குறுந்தட்டில் பதிந்த எக்ஸ்பி இன்றும் ஒரு பிட்கூட மாறாமல் அப்படியே இருக்கிறது. பூட்டு அதேதான், கள்ளச்சாவி போடத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள். ஆதரவு என்று நாம் சொல்வது, மாதந்தோறும் யாரோ உட்கார்ந்து அந்தப் பூட்டைத் திருத்தித் தரும் உழைப்பைத்தான்.

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற கணினிப் புழு பரவியபோது பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள்கூட ரத்தாயின. பழி முதலில் எக்ஸ்பி மேல் விழுந்தது. உண்மையில் அதிகம் அடிபட்டவை விண்டோஸ் 7 கணினிகள். ஆனாலும் மைக்ரோசாஃப்ட் உடனடியாக எக்ஸ்பிக்கும் பேட்ச் ஒன்றை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது. அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது? தனி ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டியவர்களுக்காக அது ஏற்கெனவே தயாராகியிருந்தது.

இந்த இடத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கதை முடிந்ததென்று அறிவித்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகும், அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எக்ஸ்பியின் நிரலைத் திறந்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியானால் அந்த ஏப்ரல் 8 எக்ஸ்பியின் ஆயுளுக்குக் குறித்த தேதி அல்ல. யாரைக் கவனிப்பது, யாரைக் கைவிடுவது என்று மனிதர்கள் போட்ட கோடு அது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் பெரும்பாலோருக்கு அப்படியொரு பேட்ச் இருப்பதே தெரியாது. வான்னாக்ரை போன்ற புழுவோ கோடு பார்ப்பதில்லை. பணம் கட்டாதவரின் கணினியில் நுழைந்தால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்தவரின் கதவையும் தட்டும். ஒருவரைக் கைவிட்டு மற்றவரைக் காப்பது இங்கே நடக்காத காரியம்.

2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் புளூகீப் என்ற ஓட்டை தெரியவந்தது. மைக்ரோசாஃப்ட் மீண்டும் எக்ஸ்பிக்கு பேட்ச் வெளியிட்டது. இம்முறை புழு எதுவும் கிளம்புவதற்கு முன்பே, யாரிடமும் பணம் கேட்காமல்.